மூன்றே நாளில் டெல்லி: எதை விடுவது, எதைப் பார்ப்பது?

வாசகர் கேள்வி: நாங்கள் திருநெல்வேலியில் வசிக்கிறோம். கணவர், ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள், 68 வயதாகும் மாமியார், நான் என நான்கு பேர், அரையாண்டு விடுமுறையில் டெல்லிக்குப் போக விரும்புகிறோம். சனிக்கிழமை காலை இறங்கி, திங்கட்கிழமை இரவு திரும்புவதாக எண்ணம். டெல்லியோடு ஆக்ராவையும், முடிந்தால் ஹரித்வாரையும் பார்த்துவிட வேண்டும் என்கிறார் கணவர். மாமியாருக்கு மூட்டுவலி, படி ஏறுவது சிரமம், சுத்த சைவம். மகளுக்கு வரலாறு பிடிக்கும். பேக்கேஜ் டூரில் சேர்ந்துவிடலாமா, நாங்களே திட்டமிடுவது நல்லதா? இன்னும் எந்தப் பயணச்சீட்டும் எடுக்கவில்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று, ஏனெனில் உங்கள் திட்டத்தில் ஊரைக் காட்டிலும் கிழமைகளில்தான் சிக்கல் அதிகம். அதற்கு முன், உங்கள் கணவர் வருந்தினாலும் பரவாயில்லை என்று இரண்டு பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறேன். ஹரித்வார் டெல்லியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. ஆக்ராவும் ஏறத்தாழ அதே தொலைவில் தெற்கே இருக்கிறது. ஹரித்வாரைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ஆக்ராவுக்கு மட்டும் காரணம் சொல்ல வேண்டும். ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலையில் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ் 100 நிமிடங்களில் ஆக்ரா சேர்த்துவிடும் என்றாலும், விடியுமுன் எழுந்து, நிலையம் போய், தாஜ்மகாலின் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, மாலை ரயிலுக்குக் காத்திருந்து, இரவு விடுதிக்குத் திரும்பும்போது ஒரு முழு நாள் கரைந்திருக்கும், உங்கள் மாமியாரின் முழங்காலும் மறுநாளைக்கு ஒத்துழைக்காது. காரில் போகலாம் என்று யாராவது சொன்னால், குளிர்காலத்தில் யமுனா விரைவுச்சாலையில் பனிமூட்டத்துக்காக வேக வரம்பையே ஆண்டுதோறும் குறைக்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆக்ராவை, பத்தேபூர் சிக்ரியையும் மதுராவையும் சேர்த்து, தனியாக ஒரு பயணமாக வைத்துக்கொள்வதுதான் அந்த ஊர்களுக்கும் மரியாதை.

இனி கிழமைக்கு வருகிறேன். சனி, ஞாயிறு, திங்கள் என்ற மூன்றும் டெல்லிக்குப் பொருந்தாத சேர்க்கை. திங்கட்கிழமை செங்கோட்டை திறக்காது. தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, பிரதமர்கள் அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் ஆகியவையும் திறக்கா. ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சௌக்கின் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். கடைத்தெருவையே பார்க்கப் போகிறவர்களுக்கு இறக்கிய ஷட்டர்கள்தான் காட்சி. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜாமா மசூதியில் தொழுகை நடப்பதால் அந்நேரத்தில் சுற்றிப் பார்க்க வருபவர்களை உள்ளே விடமாட்டார்கள். இத்தனையையும் வைத்துப் பார்த்தால், புதன்கிழமை பிற்பகல் டெல்லியில் இறங்கி, வியாழன், வெள்ளி, சனி மூன்றையும் முழு நாள்களாகப் பயன்படுத்திக்கொண்டு, ஞாயிறு திரும்புவதே சரியான ஏற்பாடு. பள்ளி விடுமுறைதான் என்பதால் கிழமையை மாற்றுவதில் உங்களுக்குத் தடை இருக்காது என்று நம்புகிறேன். கணவர் ஓரிரு நாள் கூடுதலாக விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.

மாதத்தைப் பற்றியும் ஒரு சொல். டிசம்பர் கடைசியில் டெல்லியின் குறைந்தபட்ச வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே போய்விடும். நெல்லையில் மார்கழி அதிகாலையில் சால்வை போர்த்திக்கொள்ளும் குளிரை வைத்து இதை எடை போட வேண்டாம். நடுத்தர விடுதிகளில் அறையைச் சூடாக்கும் வசதி இருக்குமென்று சொல்ல முடியாது, மூட்டுவலிக்குக் குளிர் பகை. அதோடு, குளிர்காலத்தில் அந்நகரின் காற்று மோசமாகிவிடுகிறது. பனிமூட்டத்தால் காலை நேர விமானங்களும் ரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாகின்றன. என் விருப்பத்தைக் கேட்டால், காலாண்டுத் தேர்வு விடுமுறையில், அதாவது செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்தில் போங்கள் என்பேன். அப்போது மழைக்காலம் விலகியிருக்கும், வெயில் நமக்குப் பழகிய அளவில்தான் இருக்கும், காற்றும் இன்னும் கெட்டிருக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: தசரா நாள்கள் குறுக்கிட்டால் செங்கோட்டை மைதானத்தில் ராம்லீலா நடக்கும், மாலையில் அந்தப் பக்கம் வண்டி நகராது. டிசம்பர்தான் முடியும் என்றால், மாமியாருக்கு மூச்சுத்திணறல், ஆஸ்துமா போன்ற தொல்லைகள் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, நல்ல கம்பளி உடையும் என்95 முகக்கவசமும் எடுத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய இரண்டு நாள்களையும் தவிர்த்துப் போங்கள். புத்தாண்டு அன்று இந்தியா கேட் பகுதியில் டெல்லியே கூடியிருக்கும்.

பேக்கேஜ் டூர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் தொழிலுக்கு நானே பகையாகப் பேசுவதுபோல் இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: ஒரு நாள் பேருந்துச் சுற்றுலா உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் அரைமணி நேரம் நிறுத்துவார்கள். ஏறி இறங்குவதிலேயே மூட்டு ஓய்ந்துவிடும். இடையில் கைவினைப் பொருள் கடை ஒன்றில் மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்குவார்கள். அதைவிடப் பெரிய குறை, வரிசை கெடுவது. டெல்லி ஓர் ஊர் அல்ல. ஒரு தலைநகரம் ஓய்ந்த பிறகு, அதன் பக்கத்திலேயே அடுத்த அரசர் இன்னொன்றைக் கட்ட, எட்டு நூற்றாண்டுகளில் உருவான தலைநகரங்களின் தொகுப்பு. மரபாக ஏழு நகரங்கள் என்பார்கள். 1911இல் தலைநகரைக் கொல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்து, 1931இல் ஆங்கிலேயர் திறந்துவைத்த புது டெல்லியைச் சேர்த்தால் எட்டு. பழமையானது தெற்கே மெஹ்ரௌலியில் இருக்கிறது. நடுவில் ஹுமாயூன் காலம். வடக்கே ஷாஜஹானின் நகரம். ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று தெற்கிலிருந்து வடக்கே போனால், காலவரிசையும் தானாகவே அமைந்துவிடும், உங்கள் மகளின் வரலாற்றுப் புத்தகமும் அதே வரிசையில்தான் இருக்கும்.

வியாழக்கிழமை குதுப் மினாருக்கு. மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து கோபுரம் நடந்துபோகும் தொலைவில் இல்லை, ஆட்டோ பிடித்துவிடுங்கள். வளாகம் பெரும்பாலும் சமதரையாக இருப்பதால் மாமியாருக்குத் தொல்லை இல்லை. கோபுரத்தின் உயரம் 72.5 மீட்டர், குத்புதீன் ஐபக் தொடங்கினார், இல்துத்மிஷ் உயர்த்தினார், 1368இல் இடி விழுந்து சிதைந்த மேற்பகுதியை பிரோஸ் ஷா துக்ளக் பளிங்கு சேர்த்துத் திருப்பிக் கட்டினார். கீழ் அடுக்குகள் முழுக்கச் சிவப்புக் கல்லாகவும், மேலே வெண்பளிங்கு கலந்தும் இருப்பதை உங்கள் மகள் தரையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். 1981இல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு உள்ளே ஏற யாரையும் விடுவதில்லை. ஆகவே ஏற முடியவில்லையே என்று யாரும் ஏங்க வேண்டியதில்லை.

பெரும்பாலோர் கோபுரத்தோடு படம் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல் அருகிலுள்ள பழைய மசூதியின் தூண் மண்டபத்தில் நிதானமாக நடங்கள். இருபத்தேழு கோயில்களின் பொருள்களைக் கொண்டு கட்டியதாக அதன் வாயில் கல்வெட்டே கூறுகிறது. ஒரு தூணின் அருகே போய்ப் பார்த்தால், சங்கிலியில் தொங்கும் மணி ஒன்று கல்லில் செதுக்கப்பட்டிருப்பது தெரியும். உயரம் போதாமல் ஒரு தூணின்மேல் இன்னொரு தூணை ஏற்றி வைத்திருப்பதும் தெரியும். சில உருவங்களின் முகங்கள் மட்டும் கொத்தப்பட்டிருக்கும். கோயில் மண்டபங்களைப் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு இவை சட்டென்று பிடிபடும். முற்றத்தில் நிற்கும் இரும்புத்தூண் குப்தர் காலத்தது. ஏழு மீட்டருக்கு மேல் உயரமும் ஆறு டன்னுக்கு மேல் எடையும் கொண்டது. அதன்மேல் சந்திரன் என்னும் அரசனைப் புகழும் சம்ஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாக இருப்பதால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகி, ஏறத்தாழ 1600 ஆண்டுகளாகத் துருவைத் தடுத்துவருகிறது என்று உலோகவியலாளர்கள் விளக்குகிறார்கள். முன்பெல்லாம் தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்புறமாகக் கைகளை வளைத்துக் கோத்தால் நினைத்தது நடக்கும் என்று மக்கள் வரிசையில் நிற்பார்கள். உராய்ந்து தேய்ந்த இடம் தனியாகத் தெரிந்ததால் 1997இல் வேலி போட்டுவிட்டார்கள்.

அன்று பிற்பகல் ஓய்வெடுத்துக்கொண்டு, மாலையில் ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள உத்தர சுவாமிமலைக் கோயிலுக்குப் போங்கள். டெல்லிக்காரர்கள் மலை மந்திர் என்பார்கள். சிறு குன்றின்மேல் முருகன் இருப்பதால் படிகள் உண்டு. மாமியாரால் இயலாவிட்டால் கீழேயுள்ள சன்னிதிகளில் தரிசனம் செய்துகொள்ளலாம். பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால்தான் மாலை என்கிறேன். மூன்று நாள் இந்தியைக் கேட்டுக் களைப்பவருக்கு, அர்ச்சகர் தமிழில் விசாரிப்பது எந்த மாத்திரையும் தராத ஆறுதல்.

வெள்ளிக்கிழமை ஹுமாயூன் கல்லறைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ராவை விட்டதற்கு இதுவே ஈடு. தாஜ்மகாலின் வேலை தொடங்கியது 1632இல். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்பே, நாற்புறமும் நீரோடைகள் பிரிக்கும் தோட்டத்தின் நடுவே, உயர்ந்த மேடையில், வெண்பளிங்குக் குவிமாடத்தோடு இந்தக் கல்லறை எழும்பிவிட்டது. ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் முன்னின்று கட்டுவித்தது. பாரசீகத்திலிருந்து வந்த மீரக் மிர்சா கியாஸ் வடிவமைத்தது. 1857 கிளர்ச்சி தோற்றபின் கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜஃபர் இங்கேதான் ஒளிந்திருந்து பிடிபட்டார். மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. ஒவ்வொரு படியும் உயரம். மாமியாரை ஏற்ற வேண்டாம். கட்டடத்தின் அழகு கீழே தோட்டத்தில் நின்று பார்க்கும்போதுதான் முழுமையாகக் கிடைக்கிறது என்பதால் அவருக்கு இழப்பொன்றும் இல்லை. நுழைந்தவுடன் வலப்புறம் இருக்கும் ஈசா கான் கல்லறையைத் தவறவிடாதீர்கள். எண்கோண வடிவிலான அது ஹுமாயூன் கல்லறையைவிட மூத்தது, 1547இல் கட்டப்பட்டது. 2024இல் வளாகத்தருகே நிலத்தடியில் ஓர் அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள்.

அதன் பக்கத்திலேயே சுந்தர் நர்சரி என்னும் பெரிய பூங்கா இருக்கிறது. நடைபாதைகள் சமமாக இருக்கும், உட்கார இடம் உண்டு, கழிவறைகளும் சுத்தமானவை. பிற்பகலை முழுவதுமாக அங்கே கழித்துவிடலாம். இந்த நாளில் மூன்றாவதாக ஒரு கோட்டையையும் நான்காவதாக ஒரு கோயிலையும் நுழைக்க ஆசை வரும், நுழைக்காதீர்கள். பொழுது சாய்ந்ததும் கர்த்தவ்ய பாதைக்குப் போய், விளக்கொளியில் இந்தியா கேட்டையும் அருகில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தையும் பார்த்தால் போதும். குடியரசுத் தலைவர் மாளிகையின் உள்ளே போக விரும்பினால், இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இடம் கிடைத்தால், கிடைத்த நேரத்துக்கு ஏற்ப மற்றதைத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை பழைய டெல்லி. செங்கோட்டை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்; ஊதாத் தடத்தில் லால் கிலா நிலையம் அருகிலேயே இருக்கிறது. ஷாஜஹான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்த இந்தக் கோட்டைக்குள் போகிறவர்கள் பலரும், வெளியே தெரிந்த பிரம்மாண்டம் உள்ளே இல்லையே என்று ஏமாறுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் உள்ளிருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். நாம் இன்று பார்ப்பது மிச்சம். மயிலாசனத்தையோ அதற்கும் முன்பே, 1739இல், நாதிர் ஷா எடுத்துப்போய்விட்டார். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், அரசர் முக்கியமானவர்களைச் சந்தித்த திவான்-இ-காஸ் மண்டபத்தின் பளிங்குத் தூண்களில் பதித்த பூவேலைப்பாடு கண்ணில் படும். தெரியாமல் போனால் வெற்றிடம்தான் படும்.

அந்தப் படைக் குடியிருப்புகள் சில இப்போது அருங்காட்சியகங்கள். எல்லாவற்றையும் பார்க்க நேரமும் காலும் போதா. ஒன்றுதான் என்றால் நேதாஜிக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்கும் உரியதைத் தேர்ந்தெடுங்கள். 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகளை ஆங்கிலேயர் இந்தக் கோட்டையில்தான் விசாரித்தார்கள். மலேயாவிலிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பலர் சேர்ந்த படை அது. ஜான்சி ராணிப் படைப்பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமி சென்னையில் வளர்ந்து, இங்கேயே மருத்துவம் படித்தவர், பிறகு அதே பிரேம் சேகலை மணந்தவர். டெல்லியின் அரசர் கதைகளுக்கிடையே நம் பக்கத்து மனிதர்கள் வருகிற இடம் என்பதால் உங்கள் மகளுக்கு இது ஒட்டும்.

கோட்டைக்குள் நடை அதிகம். நுழைவிடத்தில் சக்கர நாற்காலி கேட்டுப் பாருங்கள். வெளியே வந்ததும் சாந்தினி சௌக்கில் சைக்கிள் ரிக்ஷா எடுத்துக்கொள்ளலாம். பகலில் அந்தச் சாலையில் மோட்டார் வாகனங்களை விடுவதில்லை என்பதால், முன்னொரு காலத்தில் இருந்த இரைச்சல் குறைந்திருக்கிறது. கட்டணத்தை ஏறுமுன் பேசிவிடுங்கள், நால்வருக்கு இரண்டு வண்டி வேண்டும். பராட்டா சந்தில் சைவம்தான். ஆனால் நெய்யில் பொரித்தெடுக்கும் பண்டம் என்பதால் மாமியார் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டிசம்பரில் போனால், பால் நுரையைத் திரட்டிக் குங்குமப்பூ தூவி விற்கும் தௌலத் கி சாட்டைத் தெருவோரத்தில் காண்பீர்கள். குளிர்காலத்துக்கே உரியது, வாயில் வைத்ததும் இல்லாமல் போய்விடும். குருத்வாரா சீஸ் கஞ்ச் சாகிப், 1675இல் ஔரங்கசீப்பின் ஆணையால் குரு தேக் பகதூர் உயிர்நீத்த இடம். தலையை மூடிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம். ஜாமா மசூதியின் படிகள் மாமியாருக்கு ஆகா. அவரோடு ஒருவர் கீழே இருக்க, மற்றவர்கள் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம்.

தங்குவதற்குக் கரோல் பாக் பகுதியைப் பரிந்துரைக்கிறேன். மெட்ரோ அருகில், வாடகை நடுத்தரம், இட்லி தோசை கிடைக்கும் கடைகள் உண்டு. மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி இருக்கும். கூட்ட நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். புது டெல்லி ரயில் நிலைய வாசலில் யாராவது வந்து, நீங்கள் பதிவு செய்த விடுதி மூடிவிட்டது, அரசு சுற்றுலா அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று பரிவோடு சொன்னால், பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். நினைவுச்சின்னங்களுக்கு நுழைவுச்சீட்டை இணையத்திலேயே எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். தொல்லியல் துறையின் இடங்களில் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே ஓர் இடம்: காந்தி ஸ்மிருதி. 1948 ஜனவரி 30 மாலை அறையிலிருந்து பிரார்த்தனைத் திடலுக்குக் காந்தி நடந்த வழியில், அடிச்சுவடுகளைச் சிறு சிறு வடிவங்களாகப் பதித்துவைத்திருக்கிறார்கள். புல்வெளியில் ஓரிடத்தில் அவை நின்றுவிடுகின்றன. நுழைவு இலவசம், படிகளும் அதிகம் இல்லை. அங்கிருந்து நேரே விமான நிலையம் போய்விடலாம். பிற்பகல் விமானமாகவே பாருங்கள். பனிமூட்டம் பெரும்பாலும் அதற்குள் விலகியிருக்கும். சென்னையில் இறங்கி, அன்றிரவே நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சீட்டு எடுத்துவிடாதீர்கள். டிசம்பரில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாவது சாதாரணம், எழும்பூரில் ரயில் உங்களுக்காக நிற்காது. அன்றிரவு சென்னையில் தங்கி, மறுநாள் வந்தே பாரத்தில் ஊர் திரும்பும்படி இப்போதே முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.